கிளிக்குப் பரிசு

நாய் நம் சொல்லை விளங்கிக்கொள்ளும். பூனை விளங்கிக்கொண்டும் விளங்காததுபோல் இருக்கும். கிளியோ சொல்லையே நமக்குத் திருப்பித் தரும். இதனாற்போலும், தமிழர் தம் வாழ்விற் கிளிக்கு வேறெந்தப் பறவைக்கும் இல்லாத ஓரிடத்தைக் கொடுத்திருக்கின்றனர். மதுரையில் மீனாட்சியம்மையின் கையிலே கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் தோளருகே நாள்தோறும் இலையாலும் பூவாலும் புதிதாகச் செய்து வைக்கப்படும் கிளி. புலவர்க்குத் தூது செல்லும் கிளி. அதே கிளியைத் தினைப்புனத்திலே கவண்கல் எறிந்து விரட்டியவர்களும் நம்மவரே. சிங்கள இலக்கியத்திலும், கோட்டை இராச்சியக் காலத்தில் எழுந்த ‘கிரா சந்தேசய’ என்னும் தூது நூல், கிளியொன்றைத் தோட்டகமுவைக்கு அனுப்புகின்றது. இருமொழியிலும் தூது சென்ற பறவை அது.

அத்தகைய பறவைக்குக் கொழும்பில் இன்று எவ்வகை மதிப்பு வழங்கப்படுகின்றது என்பதைக் காணும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. நகரத்து மண்டபம் ஒன்றில் நடைபெற்ற செல்லப் பறவைக் கண்காட்சிக்கு, கிளி வளர்ப்பவன் என்ற உரிமையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றிருந்தேன்.

என் கிளியைப்பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் நீலன். கழுத்திலே ஆரம் விழும் நம் பச்சைக் கிளியின் இனந்தான். ஆயினும் நிறம் நீலம். கூண்டிலே பிறந்து, கூண்டிலே வளர்ந்த பரம்பரையிற் பிறந்தது. “கிளியென்றாற் பச்சையல்லவா? இதற்கு என்ன சாயம் பூசினீர்?” என்று கேளாத விருந்தினர் இல்லை. வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீட்டின் கடற்பக்கத்து விறாந்தையில் அது வாசம் செய்கின்றது. வாசல் மணி ஒலித்தால் “ஆர் அது?” என்று எங்களுக்கு முன்னே கேட்கும். கரையோரப் புகையிரதத்தின் கூவலும் அதற்குப் பாடம். மாலையிற் ‘சூன் பாண்’ வண்டி இசைத்துக்கொண்டு வரும் பேதோவனின் மெட்டை, வண்டி வருமுன்னரே தொடங்கிவிடும். பாண் வாங்கக் கீழே இறங்கி ஏமாந்து திரும்பிய அயலவர் பலர்.

நீலனைக் கண்காட்சிக்கு நான் கொண்டு செல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல வீட்டுப் பறவைகள் ஒரு கூரையின்கீழ்க் கூடும்போது, அவற்றின் நோய்களும் கூடவே வந்து சேரும். 1929, 1930ஆம் ஆண்டுகளில், தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளோடு கிளிக்காய்ச்சலும் பயணஞ் செய்து, பல நாடுகளில் மனிதரையே பலிகொண்டது. இன்று அதற்கு மருந்துண்டு. இறகையும் அலகையும் சிதைக்கும் இன்னொரு வைரசு நோய்க்கோ இன்றும் மருந்தில்லை. இதைச் சொன்னபோது நண்பரொருவர், “உமக்குத் தோற்றுவிடுவோமென்ற பயம்” என்றார். அதனையும் முற்றாக மறுப்பதற்கில்லை.

மண்டபத்திலே கண்ட உற்சாகம் உண்மையானது. தம் குடும்பத்தின் மூன்றாந் தலைமுறையைச் சொல்லத் தெரியாத இளைஞர், தாம் வளர்க்கும் பறவையின் ஐந்து தலைமுறையை ஒப்புவிக்கின்றார்: எந்தத் தகப்பனுக்கு எந்த நிறம், எந்தத் தாயிடத்தில் எந்த நிறம் மறைந்திருந்தது என்று. பிறப்புரிமையியலை அவர்கள் பள்ளிக்கூடத்திற் கற்றதைவிடக் கூண்டின் முன்னே நன்றாகக் கற்றிருக்கின்றனர். தமிழ், சிங்களம், முஸ்லிம் என்ற பேதமின்றி ஒருவர் பறவையை ஒருவர் குனிந்து பார்த்து வியந்தனர். இவ்வளவும் பாராட்டத்தக்கனவே.

ஆனால் பரிசு எதற்கு வழங்கப்பட்டது? உருவம், நிறம், இறகின் ஒழுங்கு, கோலிலே நிற்கும் நிலை. இவையே அளவுகோல்கள். இது நம் நாட்டுக் குறையன்று. பிரித்தானியாவிலே பிறந்து உலகெங்கும் பரவிய முறை இது. இம்முறை ஒரு பறவைக்கு என்ன செய்யும் என்பதற்குச் சான்று, நம்மவர் பிழையாக ‘லவ்பேட்ஸ்’ என்று அழைக்கும் பட்ஜரிகர் என்னும் சிறு கிளி. (உண்மையான ‘லவ்பேட்ஸ்’ ஆபிரிக்கக் கண்டத்துப் பறவை.) அவுஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளிலே பெருங்கூட்டமாய்ப் பறந்து திரியும் இப்பறவையை, 1840ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அங்கே 1925ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சங்கமே தோன்றிற்று. பெரிய தலைக்குப் பரிசு கொடுத்தார்கள், தலை பெருத்தது. நெற்றியிறகின் அடர்த்திக்குப் பரிசு கொடுத்தார்கள். இறகு அடர்ந்து கண்ணை மறைத்தது. இன்று போட்டிக்கு வரும் பட்ஜரிகரை அதன் காட்டுச் சகோதரனுக்கு அருகில் வைத்தால், மல்லனையும் சிறுவனையும் ஒருங்கே பார்ப்பது போலிருக்கும். வானத்திலே நெடுந்தூரம் பறந்து தண்ணீர் தேடுபவன் சிறுவனே. நடுவரின் கோல் எதனைச் சுட்டுகின்றதோ, அதனையே அடுத்த தலைமுறைப் பறவை உடம்பிற் சுமக்கின்றது. ஆகையாற் பரிசு என்பது வெறும் வெள்ளிக் கிண்ணமும் நாடாவுமன்று. அது பறவையைச் செய்யும் அச்சு.

கண்காட்சியிலே என்னை நெடுநேரம் நிறுத்தியது, பரிசு பெற்ற பறவை எதுவுமன்று. பின்வரிசையில், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பழைய கம்பிக் கூண்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். உள்ளே ஒரு பச்சைக் கிளி. இறகிற் பளபளப்பில்லை, ஒரு கண்ணிற் பூ விழுந்திருந்தது. இருபத்தெட்டு வயதென்றார். அதனை எப்பிரிவிற் சேர்ப்பதென்று எவர்க்கும் தெரியவில்லை. சேர்க்குமாறு அவரும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகள் கண்காட்சி பார்க்க விரும்பினார்கள், இதனைத் தனியே வீட்டில் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். கிளி அவருடையதன்று. பக்கத்து வீட்டுக் குடும்பம் கனடாவுக்குப் புறப்பட்டபோது, “இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒப்படைத்துச் சென்றதாம். இரண்டு மாதம் இருபத்திரண்டு வருடமாயிற்று. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலே, கிளி திடீரென ஒரு சிறுமியின் பெயரைச் சொல்லி, “பள்ளிக்கு நேரமாச்சு, எழும்பு பிள்ளை” என்றது. ஒரு தாயின் குரல், யாழ்ப்பாணத்து ஓசை. “அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்” என்றார் பெரியவர்.

இங்கேதான் விடயத்தின் வேர் இருக்கின்றது. கிளி நெடுநாள் வாழும் பறவை. நம் பச்சைக் கிளி நல்ல பராமரிப்பில் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் இருக்கும். ஆபிரிக்கச் சாம்பற்கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகளைக் காணும். ஐம்பது வயதிற் சாம்பற்கிளிக் குஞ்சொன்றை வாங்குபவர், தமக்குப்பின் வாழப்போகும் ஒருவரைத் தத்தெடுக்கின்றார். கொழும்புத் தமிழராகிய எம்மைப் பொறுத்தவரையில், இக்கேள்வி மூப்போடும் மரணத்தோடும் மட்டும் நிற்பதில்லை. 1983ஆம் ஆண்டு யூலையிலும் அதன் பின்னரும் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் குடும்பங்குடும்பமாய்ப் புறப்பட்டவர்கள், கையிற் கொண்டுபோகக் கூடியதைக் கொண்டுபோனார்கள். கிளியை எவரும் கொண்டுபோனதாய் நான் கேள்விப்படவில்லை. இன்றும் வீசா வந்தால் வீடு விற்கப்படும், தளபாடம் பகிரப்படும், கூண்டுமட்டும் அயல் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கிளியை வளர்த்துப் பூனை கையிற் கொடுப்பது என்ற பழமொழியை நம் முன்னோர் பெண் கொடுப்பதைப்பற்றியே சொன்னார்கள். கிளியைப்பற்றியே அதனைச் சொல்ல வேண்டிய காலம் இது. எல்லா அயலவரும் கொட்டாஞ்சேனைப் பெரியவரைப் போல்வாரல்லர்.

(லண்டனிலே பூங்கா மரங்களில் இன்று பச்சைக் கிளிகள் ஆயிரக்கணக்கிற் குடியிருக்கின்றன. கூண்டினின்று தப்பியும், விடுவிக்கப்பட்டும் போன நம் பிரதேசத்துக் கிளியினத்தின் வழித்தோன்றல்கள் அவை. வெள்ளவத்தைக் கிளியை விட்டுவிட்டுப் போன ஒருவர், அங்கே பனிக்கால விடியலில் அதே கீச்சொலியைக் கேட்டு எழுந்தால் என்ன நினைப்பாரோ, நான் அறியேன்.)

இனி, பறவை எங்கிருந்து வருகின்றதென்ற வினா. கண்காட்சியிற் கூட்டம் மொய்த்தது சாம்பற்கிளியின் முன்னேதான். அதில் வியப்பில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பேர்க், 1977ஆம் ஆண்டில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பற்கிளி, நிறத்தையும் வடிவத்தையும் பெயர்சொல்லிக் கூறவும், சிறு தொகைகளை எண்ணவும் கற்று, 2007ஆம் ஆண்டில் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. ஆனால் அவ்வறிவே அவ்வினத்துக்குக் கேடாயிற்று. 1975ஆம் ஆண்டுக்கும் 2013ஆம் ஆண்டுக்கும் இடையில், ஆபிரிக்கக் காடுகளிலிருந்து பிடித்துப் பதிவோடு ஏற்றுமதி செய்யப்பட்டவை மட்டும் பதின்மூன்று இலட்சத்துக்கு மேல். கூட்டிலும் கப்பலிலும் இறந்தவை கணக்கில் இல்லை. கானா நாட்டுக் காடுகளிலே இக்கிளி ஏறத்தாழ அற்றே போயிற்று. 2016ஆம் ஆண்டில், அருகிவரும் இனங்களின் வாணிபம்பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் மாநாடு கூடி, காட்டில் பிடித்த சாம்பற்கிளியை விற்பதற்கு முற்றாகத் தடை விதித்தது.

அம்மாநாட்டின் அடுத்த கூட்டம் 2019ஆம் ஆண்டு மே மாதத்திலே, இதே கொழும்பில் நடைபெற ஏற்பாடாகியிருந்தது. ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனைக்கு அணித்தான கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் பிறவிடங்களிலும் வெடித்த குண்டுகள் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தன. மாநாடு ஆகஸ்டில் ஜெனீவாவுக்குப் போயிற்று. அந்தத் துயரத்தின் முன் பறவைகளைப்பற்றிப் பேச அன்று எவர்க்கும் மனமிருக்கவில்லை, இருந்திருக்கவும் கூடாது. ஆயினும் உலகம் நம் வாசலுக்கு வந்து கேட்கவிருந்த கேள்வி, கேட்கப்படாமலே நின்றுவிட்டது.

கூண்டிற் பொரித்த பறவைக்கும் காட்டிற் களவாடிய பறவைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாற் காண முடியாது, காலாற் காணலாம். குஞ்சு பொரித்த சில நாட்களுள், கால் சிறுத்திருக்கும்போதே, பொருத்தில்லாத முழுவளையம் ஒன்றை அதிற் செலுத்தி விடுவர். கால் பருத்தபின் அவ்வளையம் கழலாது. வளர்ந்த பறவைக்கு அதனைப் புதிதாகப் போடவும் இயலாது. ஆகவே முழுவளையம் அணிந்த கிளி, கண் திறக்கும் பருவத்திலேயே மனிதர் கையில் இருந்ததென்பது தெளிவு. வாயுள்ள வளையமோ எந்த வயதிலும் நெருக்கிப் போடத்தக்கது; அது எதனையும் நிரூபிக்காது. நீலனின் காலில் முழுவளையம் உண்டு. மண்டபத்திலே நான் குனிந்து பார்த்த கால்களிற் பல வெறுங்கால்கள். சில வாயுள்ள வளையங்கள். வெறுங்கால்களெல்லாம் களவுப் பறவையென்று நான் கூறவில்லை. கேட்பாரில்லை என்பதையே கூறுகின்றேன்.

ஈழத்துக்கே உரிய கிளிகள் இரண்டு. ஒன்று, சிவந்த உச்சியோடு தலைகீழாய்த் தொங்கி உறங்கும் குறுவாற் சிறுகிளி. மற்றது, சாம்பற் தலையும் நீல வாலுங் கொண்ட லெயார்ட் கிளி. எட்கார் லெயார்ட் என்ற ஆங்கிலேயரின் பெயரால் அது வழங்கினாலும், 1849ஆம் ஆண்டில் இட்ட விஞ்ஞானப் பெயரில் இருப்பது அவர் மனைவியின் பிறந்தகத்துப் பெயர். இவ்விரண்டும் உலகில் வேறெங்கும் இல்லை. கண்காட்சியிலும் இருக்கவில்லை. கண்காட்சியில் நான் மிக மகிழ்ந்தது இதற்கே. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும், நம் நாட்டுக் காட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றைப் பிடித்தலையும் விற்றலையும் தடுக்கின்றன. அயலிலே இந்தியாவில், பச்சைக் கிளியைக் கூண்டில் அடைப்பதே 1972ஆம் ஆண்டின் சட்டத்தாற் குற்றமாயிற்று. தமிழ்நாட்டுத் தெருவோரங்களில் கிளிச் சோதிடர் அருகிவருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்காட்சிகளை நிறுத்த வேண்டுமென்று கூறுவார் உளர். அக்கட்சியைச் சேர்ந்தவன் நானல்லன். வீட்டில் நீலனை வைத்துக்கொண்டு அவ்வாறு கூறுவது வாய்க்கும் நெஞ்சுக்கும் பொருந்தாது. பறவையை அறிந்து வளர்க்கும் இளைஞர் ஒருவர், அறியாது வளர்க்கும் பத்து வீட்டுக்கு ஆசானாகலாம். சூரியகாந்தி விதையை மட்டும் தின்னும் கிளி ஈரல் கொழுத்து இறக்கும், ஆனைக்கொய்யா அதற்கு நஞ்சு, ஒட்டாத தாச்சி அடுப்பிற் காய்ந்து எழும் புகை சில நிமிடங்களிற் கொல்லும் என்பவற்றையெல்லாம், நான் இத்தகைய கூட்டங்களிலேதான் கேட்டறிந்தேன். கண்காட்சி இருக்கட்டும், கோல் சுட்டும் இடம் மாறட்டும். முழுவளையமில்லாத இளம் பறவைக்குப் போட்டியில் இடமில்லை என்று விதிக்கலாம். இரு சிறகையும் விரிக்க முடியாத கூண்டிற் கொண்டுவந்தால் புள்ளி குறைக்கலாம். யாவற்றுக்கும் மேலாக, முதுமைக்கென ஒரு பிரிவு வேண்டும்: இருபது வயது கடந்து, நலமாய், மனிதரை அஞ்சாது வாழும் பறவைக்கும் அதனை வளர்த்தவர்க்கும் உரிய பரிசு. அப்பிரிவிலே பளபளப்புக்குப் புள்ளியில்லை. கண்ணிற் பூ விழுந்ததற்காகக் குறைப்பும் இல்லை.

இதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. அடுத்த கண்காட்சிக்கு அச்சிடும் விண்ணப்பத் தாளில், பறவையின் நிறம், இனம், வயது என்பவற்றின் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டாற் போதும். ஒன்று, கால் வளையத்தின் இலக்கம். மற்றது, விண்ணப்பகாரர் ஊரிலில்லாத காலத்திற் பறவையைப் பொறுப்பேற்க ஒப்பிய ஒருவரின் பெயரும் கையொப்பமும்.