சாட்சியின் தயக்கத்தையும் எழுதி வையுங்கள்

சிறுசேரி சிப்காட் வாசலில் இரவுப் பணி முடித்து இறங்கும் ஒரு பெண்ணின் கைப்பேசியை பைக்கில் வந்தவன் பறித்துக்கொண்டு ஓ.எம்.ஆர். பக்கம் விரைகிறான் என்று வைத்துக்கொள்வோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் முகம் தெரிந்தது இரண்டு மூன்று வினாடிதான். சில வாரம் கழித்து ஒருவர் பிடிபடுகிறார். சிறைக்குள் நீதித்துறை நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு. ஒத்த வயதும் உருவமும் கொண்டவர்களோடு சந்தேக நபரும் வரிசையில் நிற்கிறார். அந்தப் பெண் ஒரு முறை வரிசையைக் கடந்து போகிறார், திரும்பி வருகிறார், இருவரை மாறி மாறிப் பார்க்கிறார், கடைசியில் ஒருவரைத் தொட்டுக் காட்டுகிறார். நடவடிக்கைக் குறிப்பில் ‘சாட்சி அடையாளம் காட்டினார்’ என்று மட்டும் ஏறினால், அந்தத் தயக்கம் எங்கே போனது?

காட்டினாரா, இல்லையா என்பது மட்டும் போதாது. எவ்வளவு உறுதியோடு காட்டினார் என்பதும் அன்றே, அந்த இடத்திலேயே, சாட்சியின் சொந்த வார்த்தையில் பதிவாக வேண்டும். நினைவின் வலிமையை அளப்பது எவ்வளவு கடினம் என்று உளவியல் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்ட பாட்டைப் பார்த்தால் இதன் அவசியம் புரியும்.

அவர்களின் சோதனை பார்க்க எளிது. நூறு படங்களைக் காட்டுவார்கள். பிறகு அந்த நூறோடு புதிதாக நூறைக் கலந்து, ஒவ்வொன்றுக்கும் ‘முன்பு பார்த்ததா?’ என்று கேட்பார்கள். ஒருவர் பழைய படங்களில் 99க்கு ‘ஆம்’ என்கிறார். ஆனால் புதிய படங்களிலும் 40க்கு ‘ஆம்’ என்கிறார். இன்னொருவர் பழையதில் 80, புதியதில் 15. யாருக்கு நினைவு வலுவானது? சரியான ‘ஆம்’களை மட்டும் எண்ணினால் முதலாமவர். தவறான ‘ஆம்’களைக் கழித்தால் 59க்கு எதிராக 65, இரண்டாமவர் முந்துகிறார். ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் ‘டி-பிரைம்’ என்ற அளவைப் போட்டால் முதலாமவருக்குச் சுமார் 2.6, இரண்டாமவருக்கு 1.9, மீண்டும் முதலாமவரே. விடைத்தாள் ஒன்றுதான். சூத்திரம் மாறினால் ஜெயிப்பவரும் மாறுகிறார்.

காரணம், ‘பார்த்தேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, நினைவு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பது. மற்றது, எவ்வளவு அழுத்தம் இருந்தால் ‘ஆம்’ சொல்லலாம் என்று அந்த ஆள் மனதுக்குள் போட்டுக்கொண்ட கோடு. துணிந்தவரின் கோடு தாழ்ந்திருக்கும். எச்சரிக்கைக்காரரின் கோடு உயர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஆய்வகங்கள் கையாளும் வழிகளில் ஒன்று, ஒவ்வொரு பதிலோடும் ‘எவ்வளவு உறுதி?’ என்று கேட்பது. ரேடார் திரையில் தெரிவது விமானமா, வெறும் இரைச்சலா என்று பிரித்தறியும் கணக்கிலிருந்து வந்த முறை இது. 1958இல் ஜேம்ஸ் ஈகன் அதை நினைவு ஆய்வுக்குக் கொண்டுவந்தார். அப்படியும் தகராறு தீரவில்லை. நினைவு ஒரே அளவுகோலில் ஏறி இறங்குவதா, ‘எங்கோ பார்த்த முகம்’ என்ற பரிச்சய உணர்வும் ‘இன்ன இடத்தில் பார்த்தேன்’ என்ற தெளிவும் இரண்டு தனி வேலைகளா என்று ஆய்வாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள்.

அந்த மோதல் ஆய்வகத்தோடு நிற்கும் விஷயமில்லை. 1975இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் அடையாளம் காட்டியது டொனால்ட் தாம்சனை. அவரே ஒரு நினைவு ஆய்வாளர். குற்றம் நடந்த நேரத்தில் அவர் தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திரையில் பார்த்த முகம் தாக்கியவனின் முகமாக மனதில் பதிந்துவிட்டது. பரிச்சயம் உண்மை, இடம் பொய். இன்று ஒரு குற்றம் நடந்த சில மணி நேரத்தில் சிசிடிவி காட்சியும், பிடிபட்டவரின் படமும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. அணிவகுப்புக்கு வரும் சாட்சி அந்த முகத்தைச் சாலையில் பார்த்தாரா, கைப்பேசியில் பார்த்தாரா? அவருக்கே தெரியாமல் போகலாம்.

ஆய்வகத்தில் இருநூறு படம் காட்டலாம். சாட்சிக்கு இருப்பது ஒரே ஒரு முகம், ஒரே ஒரு தேர்வு. அவருக்கென்று டி-பிரைம் கணக்கிட வழியே இல்லை. அவர் நினைவின் அழுத்தத்தைக் காட்ட மிஞ்சுவது, முதன்முதலில் அடையாளம் காட்டும் கணத்தில் அவருக்கு இருந்த உறுதி மட்டுமே. ஜான் விக்ஸ்டெட், கேரி வெல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இதைத் தெளிவாகச் சொன்னது: அணிவகுப்பு நியாயமாக நடந்து, யாரும் குறிப்புக் கொடுக்காமல் இருந்தால், முதல் தடவையில் மிக உறுதியாகச் சொல்பவர் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார், தயங்கிச் சொல்பவரிடம் தவறு மிகுதி. ஆனால் அந்த உறுதி சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள். அமெரிக்காவில் 1984இல் கைதான ரொனால்ட் காட்டன் வழக்கில், புகைப்படங்களைப் பார்த்தபோது பாதிக்கப்பட்ட பெண் நெடுநேரம் தயங்கித்தான் அவரைக் காட்டினார். காவலர்கள் ஆமோதித்தார்கள். நீதிமன்றக் கூண்டில் நின்றபோது அந்தப் பெண்ணுக்குத் துளி சந்தேகம் இல்லை. பத்தாண்டுக்கு மேல் சிறையில் இருந்த காட்டனை 1995இல் மரபணுச் சோதனை விடுவித்தது.

நம் சட்டத்தில் நிலைமை என்ன? நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதே முதன்மைச் சாட்சியம், அணிவகுப்பு அதற்கு வலுசேர்ப்பது மட்டுமே என்பது 2003ஆம் ஆண்டு மல்கான்சிங் வழக்கு உட்பட உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னது. நினைவியல் நோக்கில் இது தலைகீழ். பல மாதமோ வருடமோ கழித்து, வாய்தா மேல் வாய்தா வாங்கி, கூண்டில் நிற்கும் ஒரே ஆளைப் பார்த்துச் சொல்லும் ‘இவர்தான்’ எதை அளக்கிறது? தமிழ்நாட்டு வழக்குக் கட்டுகள் பலவற்றில் ‘மூன்று முறையும் சரியாகக் காட்டினார்’ என்ற வரியையும் பார்க்கலாம். சந்தேக நபரை இடம் மாற்றி நிறுத்தி, அதே சாட்சியை மீண்டும் அழைப்பது வழக்கம். இரண்டாம், மூன்றாம் சுற்றில் சாட்சி நினைவுகூர்வது முதல் சுற்றில் தான் தொட்ட ஆளை. அதை மூன்று சான்றாக எண்ணுவது பிழை.

அரசு வழக்கறிஞர்களின் அச்சம் நியாயமானதே: ‘கொஞ்சம் சந்தேகம்தான்’ என்ற வார்த்தை தாளில் ஏறினால் குறுக்கு விசாரணையில் வழக்கு உடைந்துவிடும் என்பார்கள். ஆனால் அதே தாள், ‘பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது’ என்று சொன்ன சாட்சிக்குக் கவசமாக நிற்கும். தயக்கத்தோடு சொன்னதை மட்டும் வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதும் நியாயமில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. சாட்சி மாற்றுத்திறனாளியாக இருந்தால் அணிவகுப்பை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதை எல்லாச் சாட்சிகளுக்கும் விரிக்கலாம். முகத்தைக் காட்டியதும் நடுவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?’ பதிலை அப்படியே எழுதிக்கொள்ளலாம், எத்தனை நேரம் எடுத்தார் என்பதோடு. வரிசையில் நின்ற, வழக்கோடு தொடர்பில்லாதவரைத் தொட்டுக் காட்டிய சாட்சிகளின் எண்ணிக்கையையும் மாவட்டவாரியாகத் தொகுக்க வேண்டும். ஆய்வகத்தில் தவறான ‘ஆம்’களை எண்ணுவதற்கு இணையாக நம்மிடம் கிடைக்கக்கூடிய கணக்கு அதுதான். 2022 தொடக்கத்தில் பிறந்த தாம்பரம் காவல் ஆணையரகத்தின் வழக்குகளில் உயர் நீதிமன்றம் இதைச் சோதித்துப் பார்க்கலாம். புள்ளிவிவரத்தை ஆராய வெகுதூரம் தேடிப் போக வேண்டாம்; சிறுசேரி சிப்காட்டுக்குள்ளேயே சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது.