டை கட்டி வந்த துரை

ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறீர்களா? நான் எழுதியிருக்கிறேன். பி.காம். படித்தது வீண் போகவில்லை.

பையன் பிறந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கோடு போட்ட நோட்டில் வரவு செலவு எழுத ஆரம்பித்தேன். வரவுப் பக்கத்தில் பால் குடித்த நேரம். செலவுப் பக்கத்தில் நனைத்த துணி. ஐந்து நாள் ஆன குழந்தை தினம் ஆறு துணியாவது நனைக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். என் நோட்டில் வரவு பன்னிரண்டு தடவை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். செலவு மூன்று. மிஞ்சிப் போனால் நாலு.

டேலி ஆகவே இல்லை. ஒரு நல்ல ஆடிட்டராக இருந்தால் 'வரவே பொய்க் கணக்கு' என்று அங்கேயே பிடித்திருப்பார். நான் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'பால் பத்தலை' என்று எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்தேன்.

இந்தப் 'பால் பத்தலை' கட்சிக்கு எங்கள் வீட்டில் தனிப் பெரும்பான்மை. "எங்க காலத்துல இப்படியெல்லாம் கேட்டதே இல்ல" என்று அம்மா தொடங்கி வைப்பாள். மாமியார் வாதாட மாட்டார், நேரே செயல்தான். "மாப்ளே, வரும்போது பால் சுறா கிடைச்சா வாங்கிட்டு வாங்க" என்பார். சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, பூண்டுப் பால், பூண்டு லேகியம் இத்யாதி. கூரியர் பையன்கூட வாசலோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினான்.

இதற்கு நடுவில் ஒருத்தி இருந்தாள். என் சகதர்மிணி. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. குழந்தை வாய் வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். "முதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்று நான் தைரியம் சொன்னேன். புதுச் செருப்பு கடித்தால் ஒரு வாரம் ஊரைக் கூட்டுகிற ஆசாமி நான்.

பதினாலாம் நாள் எடை பார்க்கப் போனோம். பிறந்தபோது 3 கிலோ. இப்போது 2 கிலோ 730 கிராம். முதல் சில நாளில் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிப் பிடித்துவிடும் என்பது கணக்கு. நம்மவர் இன்னமும் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார். "தாய்ப்பால் பத்தலை. டப்பா பால் ஆரம்பிச்சுடுங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்தது. குழந்தையின் வாயைத் திறந்து யாரும் பார்க்கவில்லை.

ஆட்டோவில் அவள் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "என்னங்க, நான் அம்மாவா இருக்கவே லாயக்கில்லையா?"

டப்பா வாங்கக் கிளம்பியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்து வீட்டு டீச்சரக்காதான் வழி சொன்னார். தாய்ப்பால் பிரச்னைக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம். மறுநாள் போனோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக்கூடத் தொடவில்லை. "பால் குடுங்க, பார்க்கிறேன்" என்றார். பத்து நிமிஷம் சும்மா பார்த்தார்.

"டிக் டிக்னு சத்தம் கேக்குதா சார்?"

"ரசிச்சுக் குடிக்கறான்னு நினைச்சேன் டாக்டர்."

"பிடி நழுவற சத்தம் அது. முழுங்கற சத்தம் எங்கே?"

கையுறை போட்ட விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். பையன் வீறிட்டான். அப்போதுதான் நானும் கவனித்தேன். நாக்கு உதட்டைத் தாண்டி வரவில்லை. நுனி நடுவில் இழுபட்டு, சீட்டுக்கட்டு ஆட்டின் மாதிரி இருந்தது.

"டங் டை. துரை டை கட்டிக்கிட்டே பிறந்திருக்கார்."

நாக்கின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது குட்டையாகவோ நுனி வரைக்குமோ இருந்தால் நாக்கு கட்டுப்பட்டுவிடுகிறது. பாலை இழுப்பது உதடு என்று நினைத்திருந்தேன். இல்லை, நாக்குதான். கீழ் ஈறைத் தாண்டி நீண்டு மார்பைப் பிடித்துக்கொண்டு, பிறகு கீழே இறங்கும். வாய்க்குள் காற்றில்லாத வெற்றிடம் உண்டாகும், பால் வரும். கட்டுப்பட்ட நாக்கு காம்பை நசுக்கத்தான் செய்யும். 2008-ல் ஆஸ்திரேலியாவில் 24 தாய், குழந்தைகளிடம் அல்ட்ராசவுண்ட் வைத்து இதைப் படமாகவே பார்த்திருக்கிறார்கள். சவ்வை விடுவித்ததும் பால் கூடுதலாகப் போயிற்று, தாயின் வலி குறைந்தது.

"அப்போ வெட்டிடலாமே டாக்டர்?"

"அவசரப்படாதீங்க. சவ்வு எல்லாருக்கும்தான் இருக்கு. உங்களுக்கும் இருக்கு."

திரும்பும்போது லிஃப்ட் கண்ணாடியில் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. கூட வந்த பெரியவர் இரண்டு மாடி முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

டாக்டரம்மா சொன்னதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2024-ல் அறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. நாக்கு ஒட்டியிருக்கிற குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம். எனவே முதலில் பிடிக்கும் விதத்தைச் சரி செய்து பார்க்க வேண்டும். வாய் ஆவென்று திறந்த பிறகே மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மோவாய் மார்பில் பதிய வேண்டும். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். எடை குறையாமலிருக்க, நடுநடுவே பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொன்னார். புகட்டும் உத்தியோகம் எனக்கு.

முதல் தடவை பீய்ச்சியபோதே இரண்டு பக்கமும் சேர்த்து 60 மில்லி வந்தது. பத்தாத பால்! 'பால் பத்தலை' கட்சி அன்றைக்கே டெபாசிட் இழந்தது.

மூன்று நாள் பார்த்தோம். பிடிப்பு கொஞ்சம் தேவலை, வலி மட்டும் போகவில்லை. சரி, வெட்டலாம் என்றார். அதற்கு முன் எங்கள் கோஷ்டியின் கேள்வி நேரம்.

"வெட்டலைன்னா பேச்சு வராதாம்மா?" இது என் அம்மா.

"பேச்சுக்காக இப்பவே வெட்ட வேண்டியதில்லைம்மா. பால் குடிக்கத்தான் இது."

"லேசர் இருக்காமே டாக்டர்?" இது நான்.

"கத்தரியைவிட உசத்தின்னு நிரூபணம் இல்லை சார். பில்தான் உசத்தி."

இன்னொன்றையும் அவர் ஒளிக்கவில்லை. 302 குழந்தைகளிடம் நடந்த 5 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வந்த காக்ரேன் அறிக்கைப்படி, வெட்டியதும் தாயின் வலி குறைகிறது. ஆனால் எல்லாக் குழந்தையும் நன்றாகக் குடிக்கத் தொடங்கிவிடும் என்று உறுதியில்லை.

பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத வியாதி உண்டா என்று கேட்டுக்கொண்டார். பையனைத் துணியில் சுற்றினார்கள். முனை மழுங்கிய கத்தரி. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம். நர்ஸ் குழந்தையை அவளிடமும், ஒரு டம்ளர் தண்ணீரை என்னிடமும் கொடுத்தார்.

சினிமா கிளைமாக்ஸ் மாதிரி எதுவும் நடக்கவில்லை. நாக்கின் அடியில் சில நாள் வெள்ளைப் புண் இருந்தது, ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம். பையன் புது நாக்கைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆனது. பூண்டு தொடர்ந்தது. ஒரு ராத்திரி மூன்று மணிக்கு நோட்டைத் திறந்தபோது எதேச்சையாகக் கட்டிலைப் பார்த்தேன். அவள் கை சட்டத்தில் இல்லை. பையன் தலையில் இருந்தது. அறையில் 'களுக், களுக்' என்று முழுங்குகிற சத்தம்.

வெட்டிய இரண்டாம் வாரம் எடை 3 கிலோ 150. துணி ஒரு நாளைக்கு எட்டு. துவைத்தவன் நான், எனவே இந்தப் புள்ளிவிவரத்தை நம்பலாம்.

புதிதாக அப்பாவாகப் போகும் ஆபீஸ் நண்பர்களே, வீட்டில் அவளுக்கு வலித்தால் 'பழகிடும்' என்று சொல்லாதீர்கள். துணி நனையவில்லை, எடை ஏறவில்லை என்றால் 'பால் பத்தலை' என்று தீர்ப்பெழுதும் முன், பால் குடிப்பதை உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் அரை நாள் லீவு போட்டு அழைத்துப் போங்கள். நாக்கோ, பிடிக்கிற விதமோ, வேறெதுவோ, அவர் சொல்லட்டும்.

அன்று ராத்திரி அந்தச் சிவப்பு மை வரியை அடித்தேன். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"அதை அன்னைக்கே பார்த்துட்டேங்க" என்றாள் மெதுவாக.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் நாக்கில் சவ்வு எதுவும் குட்டையாக இல்லை, இருந்தும் எழவில்லை.

"சும்மா அடிச்சா செல்லாது" என்றாள். "இனிஷியல் போடுங்க."

போட்டேன்.