கட்டணம் கட்டுபவருக்கும் ஓர் ஆட்டம் வேண்டும்

2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரனை வீழ்த்தி, 18 வயதில் குகேஷ் உலக வெற்றியாளர் ஆனார். சென்னைப் பையன் நம் பக்கத்து நாட்டில் பட்டம் வென்றதும் நம் கெடா மாநிலத்தின் பாலிங், கூப்பாங், கோலக்கெட்டில் சாப்பாட்டுக் கடைகளிலும் சதுரங்கப் பேச்சு வந்தது. ‘இங்கேயும் ஒரு போட்டி வைத்தால் என்ன?’ என்று யாராவது கேட்டால் போதும், பதில் தயாராக இருக்கிறது: பரிசுத் தொகையைக் கூட்டு, வலுவான ஆட்டக்காரர்களை வரவழை, ஆட்டபலத்தைக் காட்டும் ரேட்டிங் எண் வாங்கிக் கொடு, சாதாரண ஆட்டக்காரர்கள் தானாக வருவார்கள். அப்படியும் வராதவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று பொருள்.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. இது முழுக்க முழுக்க வெல்லப் போகிறவரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. போட்டி மண்டபத்தை நிரப்புகிறவர் வேறு ஆள். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பார், லோரி ஓட்டுநராக இருப்பார், ஷிப்ட் வேலை பார்ப்பவராகவோ ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணியாகவோ இருப்பார். மாதத்தில் ஒரு விடுமுறை நாளை அவர் சதுரங்கத்துக்குத் தருகிறார். அந்த ஒரு நாளுக்கு ஈடாக நாம் என்ன தருகிறோம்? வழக்கமான வாதங்களை ஒவ்வொன்றாக இந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கலாம்.

“பரிசைக் கூட்டினால் கூட்டம் வரும்”

ஒரு கணக்குப் போடுவோம். அறுபது பேர், தலைக்கு 30 வெள்ளி. மொத்தம் 1,800 வெள்ளி. அதில் 1,000 வெள்ளி முதல் மூன்று இடங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று இடங்களும் யாருக்கு என்பது முதல் சுற்று தொடங்கும் முன்பே பெயர்ப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறையத் தெரிந்துவிடும். மீதிப் பேர் தங்களுக்கு எட்டாத பரிசுக்குப் பணம் போட்டுவிட்டு, அந்தப் பரிசை வாங்குகிறவரிடம் தோற்கவும் செய்கிறார்கள். தொகையைக் கூட்டக் கூட்டக் கட்டணமும் ஏறும். பந்திக்குப் பணம் கட்டியவனை வாசலில் நிற்கவைத்துப் பரிமாறுவது போன்றது இது.

பெரிய அளவிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் மோரிஸ் ஆஷ்லியும் ஏமி லீயும் 2014இல் லாஸ் வேகாஸில் ‘மில்லியனர் செஸ்’ என்ற போட்டியைத் தொடங்கினார்கள். பரிசு பத்து லட்சம் டாலர், நுழைவுக் கட்டணம் ஆயிரம் டாலர். 2016இல் மூன்றாவது போட்டி பரிசைக் குறைத்துக்கொண்டு அட்லாண்டிக் சிட்டிக்கு இடம் மாறியது. அத்தோடு நின்றுபோனது.

‘அப்படியானால் கீழ்நிலைப் பிரிவுகளுக்கும் பெரிய தொகை கொடுக்கலாமே?’ என்பார்கள். அதற்கும் அமெரிக்க அனுபவம் விடை சொல்கிறது. பிரிவுப் பரிசு பெருத்தால், வேண்டுமென்றே சிறு போட்டிகளில் தோற்று ரேட்டிங்கைக் கீழே வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முளைப்பார்கள். ஒருவருடைய ரேட்டிங் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க முடியாதபடி அங்கே விதியே செய்ய வேண்டியதாயிற்று.

“வலுவானவரிடம் தோற்றால்தான் ஆட்டம் வளரும்”

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே பிரிவில் எல்லாரையும் போட்டு நடத்தும் சுவிஸ் முறையில் என்ன நடக்கிறது? 1895இல் சூரிக் நகரில் முதலில் பயன்பட்ட இந்த முறையில், முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதி கீழ்பாதியோடு மோதுகிறது. அறுபது பேர் என்றால் முதலாமவருக்கு எதிரே முப்பத்தொன்றாமவர், முப்பதாமவருக்கு எதிரே அறுபதாமவர். இருவருக்கும் இடையே 400 புள்ளி ரேட்டிங் வித்தியாசம் இருந்தால், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி நூறு ஆட்டங்களில் பலவீனமானவருக்குக் கிடைக்கக்கூடியது எட்டே புள்ளி. அடுத்த சுற்றில் தோற்றவரும் தோற்றவரும் மோதுவார்கள். அங்கே அவர் தன்னைவிட மிகவும் பலவீனமான ஒருவரை நசுக்கிவிட்டு மூன்றாம் சுற்றில் மறுபடி மேலே போய் அடி வாங்குவார். நாள் முழுக்க உட்கார்ந்தும், சமபலமுள்ளவரோடு ஒரே ஓர் ஆட்டம் வாய்த்தால் அதிர்ஷ்டம்.

கூப்பாங்கிலிருந்து விடியற்காலையில் மோட்டாரில் கிளம்பிச் சுங்கை பட்டாணிக்கு வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். எதிரே பயிற்சி வகுப்புப் பையன். பத்தாவது நகர்த்தலுக்குள் கோட்டை கட்டாமல் விட்ட ராஜாவைக் குறிவைத்து யானை நடுவரிசைக்கு வந்துவிட்டது. பதினான்காவதில் ராணி போய்விட்டது. பையன் கைகுலுக்கி, முடிவுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான். எங்கே பிசகியது என்று சொல்ல ஆள் இல்லை. அடுத்த சுற்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். இதில் அவர் என்ன கற்றார்? வெற்றியும் தோல்வியும் கடைசிவரை ஊசலாடும் ஆட்டத்தில்தான் ஒருவர் கணக்குப் போடப் பழகுகிறார், தவறைத் தானே கண்டுபிடிக்கிறார்.

நெதர்லாந்தில் விக் ஆன் ஸேயில் நடக்கும் டாடா ஸ்டீல் போட்டியைப் பலரும் ஆனந்த் ஐந்து முறை வென்ற போட்டியாகவும், 2025இல் குகேஷை டைபிரேக்கரில் முந்திப் பிரக்ஞானந்தா வென்ற போட்டியாகவும் அறிவார்கள். 1938இல் பக்கத்து ஊரான பெவர்வைக்கில் தொழிற்சாலை ஊழியர்களுக்காகத் தொடங்கிய இந்தப் போட்டியில், இன்றும் அந்த நட்சத்திரங்கள் ஆடும் மண்டபத்திலேயே நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்கள். ஏறக்குறைய ஒரே பலமுள்ள பத்துப் பத்துப் பேராகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஆடுவார். யாருக்கும் வீணான ஆட்டம் இல்லை. தமிழ்நாட்டிலும் 1600க்குக் கீழ் ரேட்டிங் உள்ளவர்களுக்கு மட்டுமான போட்டிகள் தனியாக நடக்கின்றன.

இங்கேயும் இதைச் செய்யலாம். பாலிங்கில் முப்பது பேர் வந்தால் ஆறு ஆறு பேராக ஐந்து குழு. ஒவ்வொருவருக்கும் ஐந்து ஆட்டம். ரேட்டிங் இல்லையே, எப்படிப் பிரிப்பது? முதல் முறை, பள்ளிப் போட்டியில் ஆடிய அனுபவத்தையும் இணைய ஆட்டத்தில் அவரவருக்கு இருக்கும் ரேட்டிங்கையும் கேட்டுக் குத்துமதிப்பாகப் பிரிக்கலாம். அடுத்த முறை குழுவில் முதலில் வந்தவர் ஒரு படி மேலே, கடைசியில் வந்தவர் ஒரு படி கீழே. மூன்றாவது போட்டிக்குள் குழுக்கள் தாமாகவே சரியாகிவிடும்.

“நீண்ட ஆட்டம்தான் உண்மையான சதுரங்கம்”

தலைக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி என்ற கணக்கில் ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் நடத்துவது கஷ்டம். ஐந்து சுற்றுக்கு மூன்று நாள் வேண்டும். இதைச் சொல்கிறவர்கள் கெடாவின் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. நம் மாநிலத்தில் பள்ளிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறு. அங்கே வைக்கிற இரண்டு நாள் போட்டிக்குப் பாலிங் ஆசிரியரும் மாணவரும் போனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளி போய்விடும். வெள்ளியன்று நண்பகல் தொழுகைக்காக இடைவெளி விட வேண்டும். ஆக முழுதாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒன்றுக்குள் போட்டி முடிய வேண்டும்.

தலைக்கு 25 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி என்று வைத்தால், அறுபது நகர்த்தல் ஓடினாலும் ஆட்டம் எழுபது நிமிடத்தில் முடியும். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் ஐந்து சுற்றும் மதியச் சாப்பாடும் போக மாலை ஐந்துக்குள் வீடு திரும்பலாம். பத்து நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குக் கீழ் என்றால் ஃபிடே அதை ‘ரேபிட்’ என்று ஏற்றுத் தனி ரேட்டிங்கே கொடுக்கிறது. வேக ஆட்டம் ஆட்டத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு ஆனந்த் ஒருவரே போதும். சென்னை டால் செஸ் கிளப்பில், வென்றவர் உட்கார்ந்திருக்க, தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகும் மின்னல் ஆட்டங்களில் வளர்ந்தவர் அவர். பட்டம் தேடுகிறவர்களுக்கு நீண்ட ஆட்டம் தேவைதான். அதைத் தனியாக நடத்தலாம்.

“ரேட்டிங் இருந்தால்தான் மதிப்பு”

2024 மார்ச் முதல் ஃபிடே ரேட்டிங்கின் தரைமட்டம் 1000இலிருந்து 1400 ஆக உயர்த்தப்பட்டது. புதியவர் ரேட்டிங் பெற ஐந்து ஆட்டமாவது ஆட வேண்டும். கணக்கு 1400க்குக் கீழே வந்தால் பட்டியலில் பெயரே வராது. இப்போதுதான் போட்டிக்கு வருகிற தோட்டத்துப் பிள்ளைக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும், கூடுதல் கட்டணம் கட்டியும் எண் கிடைக்காமல் போகலாம். அதைவிட நம் வட்டாரத்துக்கென்று ஒரு பட்டியல் போதும். யார் எந்தக் குழுவில் ஆடினார், எத்தனை புள்ளி எடுத்தார், அடுத்த முறை எங்கே என்பதை வாட்ஸ்அப்பில் போட்டாலே, அடுத்த போட்டி வரைக்கும் பேச்சுக்கு விஷயம் இருக்கும்.

“கறார் இல்லாவிட்டால் சந்தைக்கடை ஆகிவிடும்”

2008 டிரெஸ்டன் சதுரங்க ஒலிம்பியாடில், சுற்று தொடங்கும்போது நாற்காலியில் இல்லாதவர் தோற்றவர் என்று ஃபிடே கண்டிப்புக் காட்டியது. அது நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்கு. ஃபிடேயின் ஆட்ட விதியே, எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்பதைப் போட்டி நடத்துகிறவர் முன்கூட்டி அறிவிக்கலாம் என்கிறது. 2022 ஜூலையில் கூப்பாங் வெள்ளத்தைப் பார்த்த வட்டாரத்துக்கு மழையில் சாலை என்ன ஆகும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தால் யாருக்கும் நட்டமில்லை. தாமதமாக வருகிறவரின் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அமைதி ஆட்ட மண்டபத்துக்குள் இருக்கட்டும். வெளியே, பசியாறும் இடத்தில் நான்கு பலகையைப் போட்டு வைத்தால், முடிந்த ஆட்டத்தைத் தோற்றவரும் வென்றவரும் மறுபடி அடுக்கிப் பார்ப்பார்கள். ‘இந்தச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் என் குதிரைக்குப் போக இடமே இல்லையே அண்ணே’ என்று எதிராளியே சொல்லும் ஒரு வரி, கூப்பாங்காரருக்கு முன்பு கிடைக்காமல் போன பாடம்.

“ஆர்வம் இல்லை, எல்லாரும் போனில் இருக்கிறார்கள்”

போனில் என்ன செய்கிறார்கள்? சதுரங்கமும்தான் ஆடுகிறார்கள். செஸ்.காம் தளத்தில் பதிந்தவர்கள் 2022 டிசம்பரில் பத்துக் கோடியைத் தொட்டார்கள். ஆர்வத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? போன் ஏன் வெல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சில விநாடிகளில் நம் பலத்துக்கு ஒத்த எதிராளியை அது கொண்டுவந்து உட்கார வைக்கிறது. நம் போட்டிகள் செய்யத் தவறியது அதைத்தான்.

இன்னொன்று, பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் 18 வயதோடு முடிந்துவிடுகின்றன. படிவம் ஐந்து முடித்து வேலைக்குப் போனவனை அதற்குப் பிறகு எந்தப் போட்டி அழைத்தது? அழைக்காமலே வரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

இதற்கெல்லாம் புதிதாகப் பணம் தேட வேண்டியதில்லை. பள்ளி மண்டபம் இருக்கிறது, பலகைகளும் பள்ளியில் இருக்கின்றன. அந்த 30 வெள்ளியில் பசியாறலும் மதியச் சாப்பாடும், ஒவ்வொரு குழுவின் முதல்வருக்கும் ஒரே அளவில் ஒரு கோப்பையும் கொடுக்கலாம். எட்டாத பரிசுக்குப் போன பணம், கட்டியவர்களுக்கே திரும்பி வரும். போட்டி வெற்றி பெற்றதா என்பதை முதல் பரிசுக்காரரிடம் கேட்க வேண்டாம். அவர் எங்கே வைத்தாலும் வருவார். கடைசி இடத்தில் வந்தவர் அடுத்த போட்டிக்கு அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போனாரா என்று பாருங்கள்.