சரிவில் வீடு கட்டுவோர் சிந்திக்க!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்யாணம் என்றால் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஜாதகம் பார்க்கிறோம். பையனின் குணம் என்ன, ஊரில் அந்தக் குடும்பத்திற்கு என்ன பெயர் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால், ஆயுள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொட்டிக் கட்டும் வீட்டை யாரிடம் ஒப்படைக்கிறோம்? "பக்கத்து வீட்டைக் கட்டினவர்", "சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டவர்", "மச்சானுக்குத் தெரிந்தவர்" – இவ்வளவுதான் நம் விசாரணை!

சமதளத்தில் ஆளைத் தேர்வதில் நேரும் பிழை பெரும்பாலும் சுவரில் ஒரு விரிசலோடு போய்விடும். சரிவான நிலத்திலோ அது உயிரைக் கேட்கும். அந்த உயிரும் பல வேளைகளில் வீடு கட்டியவருடையதாக இருப்பதில்லை. இதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

கோவை இன்று மேற்கே மலையை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது. மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர், மதுக்கரை என்று எப்பக்கம் போனாலும், நேற்று சோளமும் கொள்ளும் விளைந்த மேட்டாங்காடுகளில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. மலைக்காற்று வேண்டும், வெள்ளியங்கிரி மலையைப் பார்த்தபடி மாடம் வேண்டும் என்று மக்கள் ஆசைப்படுவது இயற்கையே. ஆனால் அடிவார நிலம் ஆற்றங்கரை நிலம் போன்றதன்று. அங்கே மண்ணுக்கு ஓர் ஓட்டம் உண்டு. மழைநீருக்கு ஒரு பாதை உண்டு. ஆண்டெல்லாம் காய்ந்து கிடக்கும் பள்ளம், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் மழைக்கே தன் பாதையைக் கேட்டு வந்து நிற்கும்.

கேட்டு வந்த கதைகள் நமக்கு அருகிலேயே உண்டு. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலை. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஊறிய ஏறத்தாழ 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று, தாழ்வான பகுதியில் இருந்த ஓட்டு வீடுகளின்மேல் விழுந்தது. உறக்கத்திலேயே 17 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே வாழ்ந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள். அச்சுவரைத் தீண்டாமைச் சுவர் என்றே பலர் குற்றஞ்சாட்டினர். சுவர் ஆபத்தானது என்று முன்பே முறையிட்டிருந்ததாகவும் அப்பகுதி மக்கள் கூறினர். வழக்கின் விவரங்களுக்குள் நான் புகவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சுவரின் உயரத்தையோ அமைப்பையோ முடிவு செய்ததில் அந்தப் பதினேழு பேருக்கும் ஏதேனும் பங்கு உண்டா?

இன்னொன்று. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், உதகையை அடுத்த லவ்டேல் பகுதியில் ஒரு வீட்டுக் கட்டுமானத்திற்காகத் தடுப்புச்சுவர் எழுப்ப மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த பழைய கட்டடம் மண்ணோடு சரிந்தது. 6 பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்கள் அந்த வீட்டில் குடியேறப் போகிறவர்கள் அல்லர். அன்றாடக் கூலிக்கு மண் சுமக்க வந்தவர்கள்.

என் தந்தை கொத்தனார். என் தாய் சித்தாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவள் நான். ஆகவே லவ்டேல் செய்தியை என்னால் வெறும் செய்தியாகப் படிக்க முடியவில்லை. சரிவில் கட்டுகிறவர் தமக்காக மட்டும் கட்டவில்லை. கீழே குடியிருப்பவருக்காகவும், குழிக்குள் இறங்கி வேலை செய்பவருக்காகவும் சேர்த்தே கட்டுகிறார். எனவே தகுந்த ஆளை அமர்த்துவது அவருடைய சொந்த விருப்பம் என்று விட்டுவிடத் தக்கதன்று. அது அக்கம்பக்கத்தாருக்கு அவர் பட்ட கடமை.

சரிவில் அப்படி என்ன வேறுபாடு என்று கேட்கலாம். நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே விடை சொல்லும். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரை அந்த மண் ஓயாமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். ஆகவே சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்காகும்! ஐந்தடிச் சுவரை நன்றாகக் கட்டிய கை, அதே பழக்கத்தில், அதே கனத்தில் பத்தடிச் சுவரைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இனி, தண்ணீரின் கணக்கு. 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னே மணற்பாங்கான காய்ந்த மண் இருந்தால், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் டன் விசை தள்ளும். அதே மண்ணில் மழைநீர் வடியாமல் மேல்மட்டம் வரை தேங்கிவிட்டால் அவ்விசை ஏறத்தாழ ஆறு டன்னாகிவிடும். சுவர் அதே சுவர்; மண்ணும் அதே மண். தண்ணீர் வெளியேற வழி இல்லாமையால் சுமை இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இதனால்தான் தடுப்புச்சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள் வைத்து, பின்புறம் ஜல்லி நிரப்பி, நீர் வடிய வழி செய்கிறார்கள். துளை இருந்தால் சுவர் அழகு கெடும் என்று பூசி அடைத்துவிடுபவரும் உண்டு. அழகு மழைக்காலம் வரைதான்!

கொங்கு நாட்டு உழவருக்கு இது புதிய செய்தியன்று. மேட்டாங்காட்டில் சரிவுக்குக் குறுக்கே கல் வரப்புப் போடும் பெரியவர், நீர் வழிய எங்கே வாய் விட வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொண்ட பிறகே கல்லை எடுத்து வைப்பார். காட்டுக்குக் காட்டிய அந்த அக்கறையை வீட்டுக்குக் காட்ட நாம் ஏன் மறந்தோம்?

சரி, யார் யாரை அமர்த்த வேண்டும்? முதலில் நில அளவர். நான்கு எல்லைக்கல்லை மட்டும் காட்டுபவர் போதாது. மனையின் மேடு எங்கே, தாழ்வு எங்கே, ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் எத்தனை அடி வேறுபாடு என்று சமவுயரக் கோடுகள் போட்டுத் தருபவர் வேண்டும். அடுத்து மண் பரிசோதனை. அடிவாரத்தில் ஒரே மனையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளத்து மண் இருக்கக்கூடும். கரிசல் மண்ணாக இருந்தால் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே வெட்டிய மண்ணைக் கீழே கொட்டி மட்டம் செய்து, பாதி வீட்டை வெட்டிய தரையிலும் பாதி வீட்டைக் கொட்டிய மண்ணிலும் நிறுத்தினால், கொட்டிய பாதி அமுங்கும். வீடு இரண்டாகப் பிளக்கும்.

மூன்றாவதாக, கட்டமைப்புப் பொறியாளர். கடைக்கால் எத்தனை ஆழம், தடுப்புச்சுவரின் அடி எத்தனை அகலம், கம்பி எவ்வளவு, நீர் எவ்வழியே வெளியேறும் என்று கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டியவர் இவரே. நான்காவதாக, கட்டடக் கலைஞர். நிலத்தை வெட்டி வீட்டுக்கு ஏற்றதாக்காமல், வீட்டைப் படிப்படியாக இறக்கி நிலத்திற்கு ஏற்றதாக்கத் தெரிந்தவர் கிடைத்தால் வெட்டும் செலவே பாதி குறையும். இறுதியாக, ஆனால் எவ்வகையிலும் குறையாமல், சரிவில் வேலை செய்து பழகிய கொத்தனார்.

பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்குதல் கூடாது. 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். 'எஞ்சினியர்' என்ற சொல்லுக்கு நாடு முழுவதற்குமான அத்தகைய காவல் இல்லை. எனவே, உள்ளாட்சியில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். "சரிவில் நீங்கள் கட்டிய வீடு எது? ஐந்து மழை கண்டதா?" என்று கேட்டு, போய்ப் பாருங்கள். மனைக்கு நேரில் வராமல் மேசையிலிருந்தே வரைபடம் போட்டுத் தருபவரை வணங்கி அனுப்பிவிடுங்கள். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' 51ஆவது அதிகாரம். 'தெரிந்து வினையாடல்' 52ஆவது அதிகாரம். ஆளை அறிவது முன்னே, வேலையைக் கொடுப்பது பின்னே! வள்ளுவர் அமைத்த வரிசையை நாம் ஏன் தலைகீழாக்குகிறோம்?

"அனுபவமுள்ள கொத்தனார் இருக்கும்போது பொறியாளர் எதற்கு?" என்பார் உண்டு. கொத்தனார் மகளாகவே இதற்கு விடை கூறுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர், சரிவு மனைக்குப் பன்னிரண்டடித் தடுப்புச்சுவர் கட்ட என் தந்தையை அழைத்தார். தந்தை மனையைச் சுற்றி வந்துவிட்டு, "ஏனுங்க, மேல் காட்டுத் தண்ணியெல்லாம் இங்கதான் எறங்குதுங்க. கல்லு நான் வெப்பனுங்க. கணக்கு நம்மளால ஆகாதுங்க. ஒரு எஞ்சினியரக் கூட்டியாந்து காட்டிப்போட்டுச் சொல்லுங்க" என்றார். அதற்குக் கொடுக்கும் பணம் தண்டம் என்று கருதிய அவர் வேறு ஆளை வைத்துக் கட்டினார். இரண்டாவது மழைக்காலத்தில் சுவரின் நடுவயிறு புடைத்தது. மூன்றாவது மழைக்கு முன் இடித்துவிட்டார்கள். நல்லவேளையாகக் கீழே அப்போது வீடு இல்லை. தன் திறமையின் எல்லையை அறிந்து, வந்த வேலையை விட்டுக்கொடுத்தவரே உண்மையான தொழிலாளி என்பேன். அன்று அவருக்கு ஒரு மாத வேலை போயிற்று. ஆனால் அவர் சொன்னதே சரியாயிற்று.

பொறியாளர் கணக்கிட்டாலும் கல்லை வைப்பது கொத்தனாரின் கைதான். கடப்பாரையின் எந்த இடத்தைப் பிடித்தால் பாறை நகரும் என்பதை என் தந்தை அறிவார். அதற்குத் திருப்புத்திறன் என்று பெயர் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. படித்தவர் அவரை மதித்துக் கேட்க வேண்டும். அவர் படித்தவரைத் தயங்காமல் கேட்க வேண்டும். ஒருவரை ஒதுக்கி மற்றவர் கட்டும் வீடு ஒற்றைக்காலில் நிற்கும் வீடு.

செலவு பெரிதாயிற்றே என்பது அடுத்த தடை. தேக்கு வாசற்காலுக்கும், பளபளக்கும் தரை ஓட்டுக்கும், புதுமனை புகுவிழா விருந்துக்கும் தாராளமாக அவிழும் பணமுடிச்சு, மண்ணுக்குள் மறைந்துபோகும் கடைக்காலுக்கு மட்டும் இறுகிப்போகிறது. கண்ணுக்குத் தெரியாததற்குப் பணம் தர நமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் உண்மையிலேயே கையில் இல்லாதவர் இருக்கிறார்கள். இரண்டு சென்ட் சரிவு நிலத்தில் கடன் வாங்கிக் கட்டும் கூலிக்காரருக்கு மண் பரிசோதனை செய் என்று உபதேசிப்பது எளிது. அவருக்கு வழி காட்டாமல் உபதேசம் செய்வது அறமாகாது.

அங்கேதான் அரசும் கல்வி நிலையங்களும் முன்வர வேண்டும். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். அலுவலக வாசலில் ஏழைகள் காத்துக் கிடந்த நிலை மாறுவதால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அனுமதிக்கு முன் யாரும் மனையை வந்து பார்ப்பதில்லை என்னும்போது, நிலத்தைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரர் அமர்த்தும் ஆளிடமே வந்து சேர்கிறது. மலைப்பகுதிகளுக்கென 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. அந்த எல்லைக்கு வெளியேயும் சரிவு உண்டு. மண்ணுக்கு அரசாணையின் எல்லை தெரியாது. ஆகவே, சரிவு மனை எங்கிருந்தாலும், மண், நீர்வழி, தடுப்புச்சுவர் ஆகிய மூன்றையும் நேரில் பார்த்துப் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்ட தாளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏழைகளுக்கு அந்தத் தாள் இலவசமாகக் கிடைக்கவும் வழி உண்டு. கோவையில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 1945இல் தோன்றிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியே நம் நகரில்தான் இருக்கிறது. இறுதியாண்டு கட்டடப் பொறியியல் மாணவர்கள், தம் பேராசிரியர் மேற்பார்வையில், ஆளுக்கு ஓர் ஏழையின் சரிவு மனையை ஆய்ந்து அறிக்கை தந்தால், அவர்களுக்கு அது பயிற்சி. அந்தக் குடும்பத்திற்குப் பாதுகாப்பு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நாமும் ஒன்று செய்யலாம். மரக்கன்று நடுவதோடு நிற்காமல், அடிவார ஊர்களில் புடைத்த சுவர், அடைபட்ட துளை, மறிக்கப்பட்ட பள்ளம் ஆகியவற்றைக் கணக்கெடுத்து ஊராட்சிக்குக் கொடுக்கலாம். நடூர் மக்களின் முறையீடு போல் அதுவும் கேட்பாரற்றுப் போய்விடாமல், பதில் வரும் வரை விடாமல் கேட்கலாம்.

நண்பர்களே! நம்மில் பலர் இன்னும் பத்தாண்டுகளில் சொந்தமாக ஒரு வீடு கட்டுவோம். மலையைப் பார்த்த மனையை வாங்கவும் கூடும். கடைக்காலுக்கு நாள் குறிக்கும் முன், ஒரு மழைநாளில் அந்த மனைக்குப் போய், கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு, எந்தப் பொறியாளரை அமர்த்துவது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.