தாத்தா ரேஸரை எடைக்குப் போடாதீங்க!

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை பஸ்ஸில் வரும்போது வழியில் எத்தனை காயலான் கடை என்று எண்ணியிருக்கிறீர்களா? நான் பாதியிலேயே விட்டுவிட்டேன். அந்தத் தராசுகளில் உடைந்த குழாய், பூட்டோடு சேர்ந்து நம் தாத்தாக்கள் முகம் மழித்த பித்தளை ரேஸர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்று அறுபது, எழுபது கிராம் இருக்கும். டீ, பன்னுக்குக் காசு தேறும். உருக்கிவிட்டால் அதில் அடித்திருந்த ஊரும் போச்சு, வருஷமும் போச்சு.

ரெண்டு வருஷமாக இவற்றைச் சேர்க்கிறேன். பதினாலு இருக்கிறது. "மீசையே ஒழுங்கா முளைக்கல, உனக்கு எதுக்குடா இத்தனை?" என்று கேட்காத ஆள் எங்கள் வகுப்பில் கிடையாது. கேட்கட்டும். ஒரு பழைய ரேஸரின் வயதைக் கண்டுபிடிக்க வெளியூர் நிபுணர் வேண்டாம், டிப்ளமோ படிக்கிற நம் கையே போதும் என்பது என் கட்சி. ஆனால் நாம் விற்கிறவர் வாயைப் பார்க்கிறோமே தவிர, பொருளைப் பார்ப்பதில்லை.

"தம்பி, முதல் மாடலு! 1904-னு போட்டுக்கீது பாரு!" என்பார். போட்டிருக்கும்தான். ஆனால் அது பேட்டன்ட் தேதி. கிங் ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் கிடைத்தது 1904 நவம்பர் 15-ல். அதற்குப் பிறகும் பல வருஷம் கம்பெனி அந்தத் தேதியை அடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே அந்த வரி 'இதற்கு முன்னால் செய்ததல்ல' என்று மட்டும்தான் சொல்லும். விற்பனை ஆரம்பித்த 1903-ல் மொத்தமே 51 ரேஸர், 168 பிளேடுதான் போயின. அந்த ஐம்பத்தொன்றில் ஒன்று நேரே காசிமேட்டுக்கு வந்து இறங்கியதாம்!

இன்னொரு கதை, 'ரோல்ஸ் ரேஸர்'. சின்ன உலோகப் பெட்டி. ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல், நடுவில் கத்தி. ரோல்ஸ் ராய்ஸ் கார்காரன் செய்தது என்று விலையை ஏற்றுவார்கள். காருக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. அது லண்டன் கம்பெனி. பிற்காலத்தில் வாஷிங் மெஷின் வியாபாரத்தில் இறங்கி 1964-ல் திவாலானது.

அப்படியானால் எதை நம்புவது? 1950-களிலிருந்து அமெரிக்க ஜில்லெட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து வருஷம், எண் காலாண்டு. ஏ என்றால் 1955, எஃப் என்றால் 1960. 'எஃப் 4' என்றால் 1960-ன் கடைசி மூன்று மாதம். 1980-ல் இசட் முடிந்து மறுபடி ஏ வந்துவிடும்; அதனால் மாடலையும் சேர்த்துப் பார்க்கணும்.

ஆனால் நம் ஏரியாவில் என் கையில் சிக்கியவை பெரும்பாலும் 'மேட் இன் இங்கிலாந்து'. அங்கேதான் அட்டைப்பெட்டி உதவுகிறது. ரேஸரை வைத்துக்கொண்டு பெட்டியைக் குப்பையில் போடுகிற புண்ணியவான்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். கடை முத்திரையில் வெறும் 'மெட்ராஸ்-13' என்றிருந்தால் பழசாக இருக்கலாம், உறுதியில்லை. 600013 என்றிருந்தால் நிச்சயம் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு, ஏனென்றால் அன்றுதான் பின்கோடு வந்தது. 'இந்தியன் ஷேவிங் புராடக்ட்ஸ்' என்ற பெயர் இருந்தால் 1984-க்கு முன்னால் போகவே முடியாது. எந்த அமெரிக்கப் புத்தகமும் இந்த ராயபுரத்துக் கணக்கைச் சொல்லித் தராது!

பெட்டி இல்லையா? காந்தம் எடுங்கள். பித்தளையில் ஒட்டாது; இரும்புக் கைப்பிடி மாற்றியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பாருங்கள். பித்தளை எட்டரை வரும், துத்தநாக வார்ப்பு ஆறரை, அலுமினியம் மூன்றுக்கும் கீழே. முதல் வருஷம் லேபில் தூங்கி வழிந்துகொண்டு செய்த அதே எக்ஸ்பெரிமென்ட்தான் மாமே!

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பஃபிங் வீலில் கொடுத்துப் பளபளப்பாக்காதீர்கள். எண்ணூர் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடிக்கத்தான் செய்யும். சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். அம்மா புளி போட்டுத் தேய்க்கிறேன் என்பார்கள். கையைப் பிடித்துத் தடுங்கள். முலாமும் தேயும், மேலோட்டமாக அடித்த எழுத்தும் மழுங்கும். சவரத்துக்குத்தான் வேணும் என்கிறவர் என்னவோ செய்துகொள்ளட்டும். அடையாளம் வேணும் என்றால் அழுக்கே மேல்.

லட்சம் கிடைக்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை கோடிக்கணக்கில் செய்த சரக்கு. ஆனால் ஹார்பரில் மூட்டை தூக்கினவர், மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர் தினமும் காலையில் கையில் பிடித்த பொருள் அது. அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யார் வைத்திருந்தார், எங்கே வேலை பார்த்தார், எப்போது வாங்கினார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரேஸரோடு வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

என் பதினாலில் ஒன்றுக்கு இன்னும் விடை இல்லை. மூன்று துண்டு, தலை பித்தளை, கைப்பிடி அலுமினியம், எழுத்தே கிடையாது. மரை சரியாகப் பொருந்துகிறது, ஆனாலும் ஜோடி சந்தேகம். இதே மாதிரி யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம்.