வீட்டு முற்றத்துக் கராஜும் வியாபாரக் கணக்கும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாள் முதல் நம்மில் பலர் பழைய வேனையும் லொறியையும் நம்பியே வியாபாரம் செய்து வருகிறோம். 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. ஆனாலும் வரியோடு வரும் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே, கராஜ் செலவுக்கு அஞ்சி வீட்டு முற்றத்திலேயே ஸ்பேனரைக் கையில் எடுப்போர் கூடியிருக்கின்றனர். நானும் அவர்களில் ஒருவன்.

இதிலுள்ள எரிச்சல் செய்து பார்த்தவருக்கே தெரியும். கரையோர ஊர்களில் உப்புக் காற்றுப்பட்டுத் துருவேறிய ஒரு நட்டைக் கழற்றவே அரை நாள் போய்விடும். பலமாகத் திருகினால் போல்ட் முறியும். முறிந்த துண்டை எடுக்க லேத் கடைக்குப் போக வேண்டும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாகம் அதே மொடலுக்கு உரியதாக இருந்தாலும், வருடம் மாறினால் பொருந்தாமல் போகலாம். அதை மாற்ற இன்னொரு பயணம். அதுவரை வாகனம் சில்லுக் கழன்றபடி முற்றத்தில் நிற்கும்.

இதைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கராஜ் கூலி 8,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதை மிச்சப்படுத்தப் போய் இரண்டு நாள் வாகனம் முடங்கினால், நாளொன்றுக்கு 6,000 ரூபா கொடுத்து வாடகை லொறி பிடிக்க நேரும். மிச்சம் எங்கே? முதலாளி கடையில் இல்லாத நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை நாம் எந்தக் கொப்பியிலும் எழுதுவதில்லை.

பெட்டரித் தண்ணீர், டயர் காற்று, எஞ்சின் ஒயில் மட்டம், எயார் ஃபில்டர், பல்ப் ஆகியவற்றை வீட்டிலேயே பார்ப்போம். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விடுவோம். பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும். பிரேக் பிழைத்தால் போவது நமது உயிர் மட்டுமல்ல, சாமான் ஏற்றிச் செல்லும் நமது பையனின் உயிரும்தான். வெறும் ஜெக்கை நம்பி வாகனத்தின் கீழே படுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

உண்மையில் பலரை முற்றத்துக்குத் தள்ளுவது செலவு மட்டுமல்ல, கராஜின் மீதான அவநம்பிக்கையும்தான். வேலை தொடங்குமுன் செலவை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். எத்தனையாவது கிலோமீற்றரில் எதை மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கராஜ் நடத்தும் சகோதரர்களே, வாடிக்கையாளர் கேட்கும் முன்பே பில்லையும் பழைய பாகத்தையும் நீங்களே கையில் கொடுத்துப் பாருங்கள். முற்றத்தில் நிற்கும் வாகனங்கள் தாமாகவே உங்கள் வாசலுக்கு வரும்.