முருங்கைக்கீரை சமைக்க என்ன வெட்கம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நான் ஒருவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் இருக்கிறது.

போன வாரம் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் அங்கே விருந்தாளிகள் வருவதாக இருந்தது. கொல்லையில் முருங்கை மரம் கீரையும் காயுமாக நின்றது. "கீரையைப் பருப்புப் போட்டுப் பொரியல் பண்ணிருவோமா?" என்றேன். "ஐயோ பெரியம்மா, விருந்தாளிக்கு முருங்கைக்கீரையா? என்ன நினைப்பாங்க!" என்றாள். செல்போனில் காலிஃப்ளவரும் பீன்ஸும் வரவழைத்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்று உங்களுக்கு நடத்தியது நினைவிருக்கிறதா? சமையல்கட்டில் அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. முருங்கை காய்த்துத் தொங்கும். புதுப்புளி சந்தைக்கு வரும். மாவடு தலைகாட்டும். வேப்பம்பூ உதிரத் தொடங்கும். வத்தல் போட நல்ல வெயில் கிடைக்கும்.

கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனதை நாம் பார்த்திருக்கிறோம். அதே காய் பங்குனியில் மலிந்து கிடக்கும். நாமோ மார்கழியில் முருங்கைக்காய் சாம்பார் கேட்கிறோம், பங்குனியில் பீன்ஸ் தேடுகிறோம். பிறகு காய்கறிச் செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறோம். என்னைக் கேட்டால் சிக்கனம் என்பது வாயைக் கட்டுவது அல்ல. எது எப்போது நிறைய விளைகிறதோ அதை அப்போது வயிறாரச் சாப்பிடுவது, மிஞ்சியதை எடுத்து வைப்பது. அவ்வளவுதான்.

எங்கள் அம்மா முருங்கையில் எதையும் வீணாக்க மாட்டார். கீரை பொரியலுக்கு. ஆய்ந்த பிறகு மிஞ்சும் இளங்காம்பு ரசத்துக்கு. கீழே கொட்டிய பூ பாசிப்பருப்போடு கூட்டுக்கு. முற்றிய காயை வேகவைத்துச் சதையை வழித்தால் அதில் ஒரு குழம்பு. புதுப்புளியை மொத்தமாக வாங்கி, காயவைத்து, கொட்டையும் நாரும் நீக்கி, கல்லுப்புப் போட்டுப் பானையில் அமுக்கி வைப்பார். அடுத்த மாசி வரை புளிக்காகக் கடைக்குப் போனதில்லை. வேப்பமரத்தடியில் பழைய சேலையை விரித்து வைத்தால் பூ தானாக விழும். காயவைத்து டப்பாவில் போட்டால் வருடம் முழுக்க ரசம். செலவு, தாளிக்க ஒரு ஸ்பூன் நெய்.

இப்போது தெருவெல்லாம் தர்பூசணி. சிவப்பைத் தின்றுவிட்டு மிச்சத்தை எறிகிறோம். மேல்தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை நறுக்கிக் கூட்டு வைத்துப் பாருங்கள். சுரைக்காய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

"டீச்சர், வேலைக்குப் போற எங்களுக்குக் கீரை ஆய நேரம் ஏது?" என்று மாணவிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. முருங்கைக்கீரையை ராத்திரி ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். காலையில் உதறினால் பாதி இலை தானே உதிர்ந்துவிடும். மீதியை ஆய்வதற்கு வீட்டில் ஆண்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். குடும்பம் முழுக்கச் சாப்பிட, சிக்கனத்தின் சுமையை ஒரு பெண் மட்டும் சுமப்பதில் எனக்கு உடன்பாடில்லை. என் மாணவர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. விலை இறங்கிய காயில் பேரம் பேசாதீர்கள். தக்காளி 10 ரூபாய்க்கு வரும்போது பறிகூலிகூடக் கிடைக்காத விவசாயி ஒருவர் அதற்குப் பின்னால் இருக்கிறார். இரண்டு கிலோ கூடுதலாக வாங்கித் தொக்குப் போடுங்கள். அவருக்கும் உதவி, உங்களுக்கும் லாபம்.

ஆனால் நேரமோ வேலையோ மட்டும் காரணமில்லை. மரத்தில் இருப்பதைப் பறிக்க நமக்கு வெட்கம். காசு கொடுத்து வாங்கியதுதான் மரியாதை, சும்மா கிடைப்பது இல்லாதவர்கள் சாப்பாடு என்ற எண்ணம். அந்த எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நானும்தான்.

1990களின் தொடக்கம். ஆறாம் வகுப்பு. ஒரு மாணவி தினமும் முருங்கைக்கீரையும் சோறும் கொண்டுவருவாள். ஒருநாள் அவள் டப்பாவைப் பார்த்து, "இன்னைக்கும் இதுதானா? உங்க வீட்டில் வேற ஒண்ணுமே கிடையாதா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் முதல் அவள் டப்பா மூடியை முழுதாகத் திறக்கவில்லை. மூடியால் மறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். அந்த வருடம் முழுக்க அப்படித்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இத்தனைக்கும் இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்று அதே வகுப்பில் பாடம் நடத்தியவள் நான். அந்த அறையில் பாடத்தின்படி சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. உன் டீச்சர் அன்றைக்குச் சொன்னது தவறு. என்னை மன்னித்துவிடு. உன் அம்மா கட்டிக் கொடுத்தது ஏழைச் சாப்பாடு இல்லை, நல்ல சாப்பாடு.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் வீட்டுக்கு யாராவது வந்தால், இந்த மாதத்தில் மலிவாகக் கிடைப்பதைச் சமைத்துப் போடுங்கள். என்ன சமைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்